லீவில் வந்தவரின் விசா: எந்தத் தவணை முதலில் முடிகிறது?

வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு நல்லூர்க் கொடியேற்றத்துக்கென்று லீவில் வருகிறவர் பெரும்பாலும் 30 நாள் கணக்கோடுதான் வருவார். திருவிழா 25 நாள், மிச்சம் ஐந்து நாள் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போக்குவரத்துக்கும். வந்த இடத்தில் ஆவணியில் ஒரு கலியாணம் பொருந்தும், அல்லது அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும். செத்தவீட்டுக்கு ஓடி வந்தவரின் பாடு இன்னும் இறுக்கம்: அந்தியேட்டி 31ஆம் நாள், லீவோ 30 நாள். “விசா இன்னும் ஒரு வருசம் கிடக்குத்தானே, ஆறுதலாப் போகலாம்” என்று ஆராவது சொல்லுவினம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

வதிவிட அட்டையில் அடித்திருக்கிற முடிவுத் திகதி, வேலை செய்கிற நாட்டுக்குள்ளே இருக்கிறவருக்கு உரிய திகதி. வெளியே வந்தவருக்கு வேறு தவணைகளும் ஓடத் தொடங்கிவிடும். தொடர்ந்து எத்தனை நாள் வெளியே நிற்கலாம் என்பது ஒன்று. சவூதி போன்ற நாடுகளில் எக்ஸிட் ரீ-என்ட்ரி, அதாவது போய்த் திரும்பிவரும் விசாவில் எழுதிய காலம் இன்னொன்று. முதலாளி எழுதித் தந்த லீவுக் காலம் மூன்றாவது. கடவுச்சீட்டின் ஆயுளும், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் செய்த பதிவின் ஆயுளும் இங்கிருந்து எண்ணப்படுகிறவை. இவற்றில் எது முந்தி முடிகிறதோ அதுதான் உங்களுடைய கடைசி நாள். மற்றவை எவ்வளவு நீளமாகக் கிடந்தாலும் பிரயோசனமில்லை.

180 நாள் என்பது லீவு அல்ல

ஐக்கிய அரபு இராச்சியத்தில் சாதாரண வேலை விசாக்காரர் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே நின்றால் வதிவிட அனுமதி செல்லாமல் போகும். கோல்டன் விசா உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம், ஆனால் எண்ணும்போது பிசகுகிறது. மார்ச் 10ஆம் திகதி டுபாயிலிருந்து வெளிக்கிட்டவர் “ஆறு மாதம்” என்று எண்ணினால் செப்டெம்பர் 10 வரும். நாளாக எண்ணிப் பாருங்கள்: 180ஆம் நாள் செப்டெம்பர் 6. மாதக் கணக்கை நம்பி 9ஆம் திகதிக்கு ரிக்கற் போட்டவர் மூன்று நாளால் பிந்திவிட்டார். எண்ணத் தொடங்கவேண்டியது அங்கே குடிவரவில் வெளியேறிய நாளிலிருந்து. கட்டுநாயக்காவில் வந்திறங்கிய முத்திரையைப் பார்த்து எண்ணினால், இரவு விமானத்தில் வந்தவர்களுக்கு அதிலும் ஒரு நாள் பிசகும்.

இந்த 180 நாளைப் பலர் அரசாங்கம் தந்த லீவு என்றே நினைக்கிறார்கள். அது குடிவரவுச் சட்டம். தொழில் சட்டம் வேறு கதை சொல்கிறது. அந்த நாட்டின் 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழில் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து 7 நாளுக்கு மேல், அல்லது ஒரு வருடத்தில் விட்டுவிட்டு 20 நாளுக்கு மேல் வேலைக்கு வராதவரை முன்னறிவித்தல் இல்லாமலே நிறுத்தலாம். அதாவது 30 நாள் லீவில் வந்தவர் 38ஆம் நாளும் சுன்னாகத்தில் நின்றால், விசா உயிரோடு இருக்கும், வேலை போயிருக்கலாம். வேலையை நிறுத்திய கொம்பனி விசாவையும் நீக்கினால், மிச்சம் கிடந்த 142 நாளும் அன்றோடு சரி. விசா நீக்கப்பட்டதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று கொம்பனிக்கு அவசரமும் இருக்காது.

அதனால் லீவு நீட்டுவதானால் எழுத்தில் வாங்குங்கள். சூப்பர்வைசர் வட்ஸ்அப்பில் “ஓகே” போட்டது ஒன்றுமில்லாததைவிட நல்லது, அவ்வளவுதான். ஆளணிப் பிரிவின் மின்னஞ்சலில் எந்தத் திகதி வரை என்று இருக்கவேண்டும். வைத்தியசாலைக் காரணமென்றால் நோய்நிர்ணய அட்டையின் பிரதியையும் மரணமென்றால் மரணப் பதிவின் ஆங்கிலப் பிரதியையும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பிறகு அனுப்பினால் அது சாக்காகத்தான் பார்க்கப்படும்.

180 நாள் கடந்துவிட்டவருக்கு வழி முழுதாக அடைபடவில்லை. 2023இல் அங்கே ஒரு மீள்நுழைவு அனுமதி முறை கொண்டுவரப்பட்டது. வெளியே நின்ற காரணத்தைச் சான்றோடு காட்டி இணையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். மேலதிகமாக நின்ற ஒவ்வொரு 30 நாளுக்கும் 100 திர்ஹாம் தண்டம். அனுமதி வந்தால் 30 நாளுக்குள் உள்ளே போய்விடவேண்டும். வதிவிட அனுமதியின் காலம் இன்னும் மிச்சம் இருந்தால்தான் இதற்கு இடமுண்டு. டுபாயில் எடுத்த விசா என்றால் டுபாயின் குடிவரவுத் திணைக்களம், அபுதாபி, சார்ஜா முதலிய மற்ற இடங்களென்றால் கூட்டாட்சியின் குடிவரவு அமைப்பான ஐசிபி. இரண்டும் வேறு வேறு இணையத்தளங்கள். டுபாய் விசாவை ஐசிபி தளத்தில் தேடிவிட்டு “ரெக்கோட் இல்லை, கான்சல் பண்ணிப்போட்டான்” என்று தலையில் கைவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

சவூதி: அட்டை சொல்லாத திகதிகள்

சவூதியில்தான் கணக்கு அதிகம் சிக்குகிறது, ஏனென்றால் அங்கே வெளியேறுவதற்கே தனி விசா. ஒருமுறை போய்வரும் எக்ஸிட் ரீ-என்ட்ரிக்கு இரண்டு மாதம் வரை 200 றியால், அதன்பின் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 றியால். பலமுறை போய்வருவதற்கு மூன்று மாதத்துக்கு 500, மேலதிக மாதமொன்றுக்கு 200. 2021 மார்ச்சில் வந்த தொழில் சீர்திருத்தத்துக்குப் பிறகு தனியார் கொம்பனி ஊழியர் தானே அப்ஷர் என்ற அரசாங்க இணையச் சேவை ஊடாக இதை எடுக்கலாம். வீட்டு வேலைக்கும் வீட்டுச் சாரதி வேலைக்கும் போனவர்களுக்கு அந்தச் சீர்திருத்தம் பொருந்தாது. கபீல் என்கிற அனுசரணையாளர்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

அந்தத் தாளில் காலம் இரண்டு விதமாக எழுதப்படும். “60 நாள்”, “90 நாள்” என்று நாளாக எழுதியிருந்தால், எடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வெளிக்கிடலாம். 60 நாள் எண்ணப்படுவது வெளிக்கிட்ட நாளிலிருந்து. “இந்தத் திகதிக்கு முன் திரும்பவேண்டும்” என்று எழுதியிருந்தால் நீங்கள் எப்போது வெளிக்கிட்டீர்கள் என்பதற்குப் பெறுமதியே இல்லை, அந்தத் திகதிதான் முடிவு. ஒரே கொம்பனியில் ஒரே கிழமையில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவருக்கு நாள் கணக்கு, மற்றவருக்குத் திகதிக் கணக்கு. கூட வந்தவனைப் பார்த்து ரிக்கற் போடக்கூடாது. டிசம்பர் 1இல் விசா எடுத்து 20ஆம் திகதி வெளிக்கிட்டவரை வைத்துப் பார்த்தால், 60 நாள் என்று எழுதியிருந்தால் பெப்ரவரி 18 வரை நேரமிருக்கிறது. ஜனவரி 30க்கு முன் என்று எழுதியிருந்தால் தைப்பொங்கல் முடிந்து இரண்டு கிழமைதான்.

இகாமா என்கிற வதிவிட அனுமதியிலும் ஒரு பொறி உண்டு. அதற்குக் கையில் தருகிற இப்போதைய முகீம் அட்டை ஐந்து வருடத்துக்கு அடிக்கப்படுகிறது, ஆனால் இகாமா வருடா வருடம் கணினியில்தான் புதுப்பிக்கப்படுகிறது. கையில் இருக்கும் அட்டை பளபளப்பாக இருக்கும். உள்ளே இகாமா போன மாதம் முடிந்திருக்கும். திகதி ஹிஜ்ரியில் காட்டப்பட்டிருந்தால் இன்னொரு கவனம் தேவை. ஹிஜ்ரி வருடம் 354 அல்லது 355 நாள். நம்முடைய கணக்கில் “அடுத்த வருசம் இதே திகதி” என்று நினைத்தால் 10, 11 நாளால் பிந்திவிடுவோம்.

லீவில் நிற்கும்போது ரீ-என்ட்ரியையும் இகாமாவையும் வெளிநாட்டிலிருக்கிற ஆளுக்காகவே நீட்டிக்க முடியும். ஆனால் அதைச் செய்யவேண்டியது கொம்பனி முகீம் என்ற இணையச் சேவையிலுள்ள தன்னுடைய கணக்கில், அல்லது வீட்டுக் கபீல் தன்னுடைய அப்ஷரில். யாழ்ப்பாண நகரத்தில் மேசை போட்டு இருக்கிற எந்த ஏஜென்றாலும் அதைச் செய்ய முடியாது. “உள்ள எங்கட ஆள் இருக்கிறார், ஒரு லட்சம் தந்தா நீட்டித் தாறம்” என்பவரிடம் கொடுக்கிற காசு திரும்பி வராது. நீட்டியாயிற்றா என்று பார்க்க ஏஜென்ற் தேவையில்லை. முகீம் இணையத்தளத்திலேயே ரீ-என்ட்ரி விசாவின் செல்லுபடியைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது; இகாமா இலக்கத்தோடு கடவுச்சீட்டு இலக்கம் போன்ற இன்னொரு விபரத்தைக் கொடுத்தால் திகதி வரும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் கேட்பார்கள்.

நீட்டச் சொல்லிக் கேட்கிற நாளும் முக்கியம். சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை. இங்கே சனி, ஞாயிறு. நடுவில் ஒரு போயா வந்தால் வங்கிக் காசும் நகராது. அவர்களுடைய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. வியாழக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்தில் ஐந்து மணிக்கு ஞாபகம் வந்து அழைத்தால் அங்கே இரண்டரை மணி, கொம்பனிக் கந்தோர் மூடும் அவசரத்தில் இருக்கும். அடுத்த பதில் ஞாயிற்றுக்கிழமை. பெருநாள் விடுமுறைக் காலமென்றால் ஒரு கிழமையும் போகும். விசா முடிய 15 நாள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

முன்பு ரீ-என்ட்ரியில் வந்து திரும்பாமல் விட்டவருக்கு மூன்று வருடத் தடை இருந்தது. 2024 ஜனவரியில் அந்தத் தடை நீக்கப்பட்டது. இதைக் கேள்விப்பட்டு “இனிப் பயமில்லை” என்று தவணையைத் தவறவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: தடை இல்லையென்றால் புது விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றுதான் பொருள். பழைய விசா எழும்பி வராது. சவூதித் தொழில் சட்டத்தின் 80ஆவது பிரிவும் அப்படியே இருக்கிறது: தொடர்ந்து 15 நாளுக்கு மேல், அல்லது வருடத்தில் 30 நாளுக்கு மேல் காரணமின்றி வராதவரைச் சேவைக்காலக் கொடுப்பனவுகூட இல்லாமல் நிறுத்தலாம். ஆனால் அதற்கு முன், 10ஆம் நாளுக்குப் பிறகு, அல்லது விட்டுவிட்டு வராத கணக்கில் 20ஆம் நாளுக்குப் பிறகு, எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கவேண்டும். பத்து வருடம் உழைத்தவருக்கு அந்தக் கொடுப்பனவு சின்னக் காசில்லை. அப்படியொரு எச்சரிக்கை வந்தால் பார்க்காத மாதிரி இருக்காமல் அன்றைக்கே காரணத்தை எழுதிப் பதில் போடுங்கள்.

கட்டார், ஓமான் இரண்டிலும் ஆறு மாதக் கணக்குத்தான். கட்டாரில் அதைக் கடந்தவருக்கு முதலாளி ஊடாக உள்துறை அமைச்சின் திரும்பிவரும் அனுமதி எடுக்கவேண்டும். குவைத்தில் தனியார் துறையினருக்கு ஆறு மாதம். வீட்டு வேலைக்குப் போனவர்களுக்கு இப்போது நான்கு மாதம் மட்டும், கபீல் முன்கூட்டியே அனுமதி எடுத்தால் தவிர. குவைத்தின் 18ஆம் பிரிவு வதிவிடக்காரர்கள், அதாவது தனியார் துறை ஊழியர்கள், 2025 ஜூலை 1 முதல் வெளியேறுவதற்கே முதலாளியின் அனுமதியை ஸாஹெல் என்ற அரசாங்கச் செயலியில் வாங்கவேண்டும். அதில் எழுதுகிற பயணத் திகதியையும் லீவுத் தாளில் உள்ள திகதியையும் ஒன்றாக வைத்திருங்கள்.

புதுக் கடவுச்சீட்டும் பழைய பெயரும்

ஊருக்கு வந்த கையோடு கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு போகலாம் என்பது நல்ல யோசனைதான். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்ட பிறகு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓடுகிற வேலையும் குறைந்திருக்கிறது. 2024 பெப்ரவரியில் கட்டணம் உயர்ந்தபோது சாதாரண சேவை 10,000 ரூபா, அவசர சேவை 20,000 ரூபா என்றானது. லீவில் வந்தவர் சாதாரண சேவையில் போட்டுவிட்டுக் காத்திருப்பது புத்தியில்லை. படம் திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்ரூடியோவில்தான் எடுக்கவேண்டும். அவர்கள் இணையத்தில் ஏற்றிவிட்டுத் தருகிற பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

சிக்கல் புதுப் புத்தகம் கைக்கு வந்த பிறகு. அங்கே விசா, அட்டை, எல்லாம் பழைய இலக்கத்தோடு இணைந்திருக்கும். பழைய புத்தகத்தை இரத்துச்செய்யும்போது விசா ஒட்டிய பக்கம் சேதமாகாமல் பார்க்கச் சொல்லுங்கள். பயணத்தில் இரண்டு புத்தகமும் கையில் இருக்கவேண்டும், பெட்டிக்குள் அல்ல. சவூதி என்றால் புது இலக்கத்தைக் கணினியில் மாற்றும் வேலைக்கு அங்கே “நகல் மாலூமாத்” என்பார்கள்; கொம்பனியோ கபீலோ செய்யவேண்டியது. புதுக் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து, பயணத்துக்கு முன்பே அனுப்பி வையுங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 ஏப்ரலுக்குப் பிறகு கடவுச்சீட்டில் விசா ஒட்டுவதே இல்லை, அடையாள அட்டைதான் எல்லாம். அதனால் அங்கே போகிறவர் அட்டையை வீட்டில் மறந்துவிட்டுக் கட்டுநாயக்காவில் நின்றால், கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

இலக்கத்தைவிட மோசமாகப் படுத்துவது பெயர். நம்முடைய பெயர் முறை கணினிப் படிவங்களுக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். பழைய புத்தகத்தில் தகப்பன் பெயர் ஒரு முதலெழுத்தாக இருக்கும், புதியதில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து முழுதாக விரித்துவிடுவார்கள். “ராஜா” இருந்த இடத்தில் “ராசா” வந்து ஆங்கில எழுத்து ஒன்று மாறும். கலியாணம் முடித்த பெண்கள் தகப்பன் பெயரை எடுத்துவிட்டுக் கணவன் பெயரைப் போடுவார்கள். ஊரில் இது சாதாரணம். அங்கே குடிவரவுக் கணினிக்கு அது வேறொரு ஆள். வேலை விசா உயிரோடு இருக்கும் காலத்தில் கடவுச்சீட்டில் பெயரை மாற்றாமல் இருப்பதே நல்லது. பழைய புத்தகத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, விண்ணப்பத்தில் நிரப்புங்கள். மாற்றியே தீரவேண்டுமானால் திருமணப் பதிவின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளிநாட்டலுவல்கள் அமைச்சில் அத்தாட்சிப்படுத்திக் கொண்டுபோகவேண்டும். அந்தக் கொன்சியூலர் அலுவலகமும் யாழ்ப்பாணத்தில் கச்சேரியிலேயே இருக்கிறது. விமானச்சீட்டை எந்தப் புத்தகத்தின் பெயரில் போடுகிறீர்கள் என்பதையும் அதற்குப் பிறகுதான் தீர்மானிக்கலாம்.

பணியகப் பதிவு

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வேலைக்கு வெளிநாடு போகிற இலங்கையர் எவரும் புறப்படுமுன் பணியகத்தில் பதிந்திருக்கவேண்டும். முதல்முறை போனபோது ஏஜென்ற் செய்திருப்பார். அந்தப் பதிவு இரண்டு வருடத்துக்குத்தான். மூன்றாம் வருடத்தில் லீவுக்கு வருகிறவருக்கு விசா இருக்கும், வேலை இருக்கும், பதிவு முடிந்திருக்கும். கட்டுநாயக்காவில் புறப்படும் பகுதியில் பணியகத்தின் கருமபீடம் இருக்கிறது. கேள்வி அங்கேதான் வரும். மீள்பதிவை முன்கூட்டியே முடித்துவிட்டால் அந்த வரிசையும் இல்லை, பதட்டமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பணியகத்தின் அலுவலகம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் இதற்கென்றே அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எந்தத் தாள் வேண்டுமென்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு போனால் இரண்டாம் தரம் அலையத் தேவையில்லை. விபரம் கேட்க 1989 என்ற தொலைபேசி இலக்கம்.

பொதுவாகக் கேட்கப்படுவது கடவுச்சீட்டு, செல்லுபடியான வதிவிட அட்டை அல்லது விசா, முந்திய பதிவின் விபரம், வேலை தொடர்வதைக் காட்டும் ஒப்பந்தம் அல்லது கடிதம். பலர் இந்தக் கட்டணத்தை விமான நிலையத்துக்குப் போவதற்கான வரி மாதிரிப் பார்க்கிறார்கள். பதிவோடு சேர்ந்து வருவது காப்புறுதி. அங்கே மரணமோ அங்கவீனமோ நேர்ந்தால் குடும்பம் கேட்கக்கூடிய உரிமை அந்தப் பதிவு நடப்பில் இருந்தால்தான் உண்டு. முடிந்த பதிவோடு எப்படியோ தப்பி விமானம் ஏறியவரின் மனைவிக்குத்தான் பிறகு அந்த இழப்பு.

கட்டுநாயக்காக் கருமபீடத்தில்

போகிற நாட்டின் குடிவரவு அதிகாரியைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பெரும்பாலானோர் நிறுத்தப்படுவது இங்கே, பெட்டி நிறுக்கிற இடத்தில். உள்ளே விடப்படாத பயணியைக் கொண்டுபோன விமானக் கொம்பனி அவரைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும், பல நாடுகளில் தண்டமும் கட்டவேண்டும். ஆகவே கருமபீடத்துப் பெண் எந்த நாட்டுக்கு என்ன தாள் வேண்டுமென்று காட்டும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்து, சந்தேகம் வந்தால் ஏற்றமாட்டார். அவரோடு வாக்குவாதப்பட்டு ஒன்றும் ஆகாது. அச்செடுத்த தாள் இருந்தால் ஆகும். இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து எட்டு ஒன்பது மணித்தியாலம் வந்து, விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் இருக்கும்போது விசா நீக்கப்பட்ட செய்தி தெரியவந்தால், ரிக்கற் காசும் போய் வான் காசும் போய் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். இணையத்தில் நிலைமையைப் பார்ப்பதை ரிக்கற் போடுமுன் ஒருதரம், பஸ் ஏறுகிற அன்று காலை ஒருதரம் செய்யுங்கள்.

பலாலியிலிருந்து சென்னை, திருச்சிக்கு விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, கொழும்புக்குப் போகாமல் அந்த வழியாக வளைகுடாவுக்குப் போகலாமா என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் இந்தியக் குடிவரவுக்குள் போய்ப் பெட்டி எடுத்துத் திரும்ப ஏறவேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது ரிக்கற்காரன் பொறுப்பெடுக்கமாட்டான். விசாத் தவணையின் கடைசி நாட்களில் இந்த வழியைத் தெரிவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஐரோப்பா ஊடாகப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: ஷெங்கன் விமான நிலையங்களின் இடைவழிப் பகுதியில் நிற்பதற்கே விசா தேவைப்படுகிற 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியான விசாவோ வதிவிடமோ உள்ளவர்களுக்குத்தான் விலக்கு.

பெட்டியைப் பற்றியும் ஒரு வரி. மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் போகும். கசகசா ஒரு சரையும் வேண்டாம். வளைகுடாவில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. ட்ரமடோல், கோடீன் கலந்த நோ மருந்துகளை முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோவதும் அப்படித்தான். அம்மாவுக்கு எழுதின முழங்கால் நோக் குளிசையைத் தன் பையில் போட்டுக்கொண்டு போகிறவர் இதை ஒருதரம் பார்க்கவேண்டும்.

லண்டன், கனடா, சுவிஸ்

கனடாவில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி மாட்டுகிற இடம் ஒன்றுதான். வேலை அனுமதிப் பத்திரம் உள்ளே வேலை செய்வதற்கானது. அதை வைத்து விமானம் ஏற முடியாது. கடவுச்சீட்டில் ஒட்டிய நுழைவு விசா தனி. வேலை அனுமதி இன்னும் இரண்டு வருடம் இருக்க, ஒட்டிய விசா முடிந்திருந்தால், இங்கிருந்து புது நுழைவு விசாவுக்கு விண்ணப்பித்து வந்த பிறகுதான் போகலாம். லீவு அதற்குள் முடிந்துவிடும். வெளிக்கிடுமுன் அங்கேயே பார்க்கவேண்டிய விசயம். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு, ஐந்து வருடத்தில் 730 நாள் உள்ளே இருந்திருக்கவேண்டும்.

பிரித்தானியாவில் பழைய பிளாஸ்ரிக் அட்டைகள் 2024 டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்து, எல்லாம் மின்விசா ஆகிவிட்டது. புதுக் கடவுச்சீட்டு எடுத்தவர் தன் கணக்கில் அந்த இலக்கத்தைச் சேர்க்காமல் போனால் கருமபீடத்துக் கணினியில் ஒன்றும் தெரியாது. திறன்சார் வேலை விசாக்காரர் ஒரு வருடத்தில் நான்கு கிழமைக்கு மேல் சம்பளமில்லாத லீவில் நின்றால், நோய், மகப்பேறு போன்ற விலக்குகள் இல்லாதபோது, முதலாளி அனுசரணையை நிறுத்தவேண்டும். பராமரிப்பு வேலைக்குப் போனவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும், ஏனென்றால் 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக விசா கொடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. சுவிசில் பி (வதிவிட), சி (நிரந்தர வதிவிட) அனுமதிகள் ஆறு மாதம் வெளியே நின்றால் இல்லாமல் போகும். சி அனுமதியை மட்டும், வெளிக்கிடுமுன் விண்ணப்பித்தால், நான்கு வருடம் வரை நிறுத்திவைக்கலாம்.

தவணை போய்விட்டால்

நீட்ட வழியில்லை, மீள்நுழைவு அனுமதியும் கிடைக்கவில்லை என்றால் அதே முதலாளியே விரும்பினாலும் புது விசாதான். அப்போது எல்லாம் முதலிலிருந்து: புது ஒப்பந்தம், வளைகுடா நாடுகள் கேட்கிற வாஃபிட் மருத்துவப் பரிசோதனை, புதுப் பதிவு. ஏஜென்ற் வழியாகப் போவதானால் அவருக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் நடப்பில் இருக்கிறதா என்று 1989 இலக்கத்தில் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்பவரிடம் அந்த வாக்கை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், தரமாட்டார்.

அங்கே விட்டுவந்த சம்பள மிச்சமும் சேவைக்காலக் கொடுப்பனவும் விசா முடிந்தவுடன் தானாகப் போய்விடுவதில்லை. கூட வேலை செய்கிறவரோ சொந்தக்காரரோ உங்களுக்காகப் போய்க் கேட்பதற்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதலாம். நொத்தாரிசு முன் ஆங்கிலத்தில் எழுதி, கச்சேரியில் உள்ள கொன்சியூலர் அலுவலகத்தில் அத்தாட்சிப்படுத்தி, கொழும்பில் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையையும் வாங்கி அனுப்பவேண்டும். அதில் காசு வாங்கும் அதிகாரத்தை மட்டும் எழுதாமல், தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு போடும் அதிகாரத்தையும் எழுதுவியுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போன தாள்கள் அங்கே மேசையிலிருந்தே திரும்பி வருகின்றன.